பதினேழு கட்டம் நிரப்பிய கார் ஸ்டீரியோ

போன ஞாயிறு. கம்பம்மெட்டு ஏற்றத்தில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. பக்கத்து இருக்கையில் பட்டுப் புடவையில் அம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. பின் இருக்கையில் கஞ்சி போட்ட வேட்டியில் அண்ணன். காருக்குள் துல்லியமான இசை. அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நிறுத்து."

எதை... காரையா, பாட்டையா? இரண்டையும்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பட்டியல் வியாதி தெரியும். ஊறுகாய் வாங்கினாலும் ஒப்பீட்டு அட்டவணை போடுகிறவள் நான். கார் ஸ்டீரியோ வாங்கினால் சும்மா விடுவேனா? எக்ஸெல்லில் பதினேழு கட்டம். எந்தெந்த ஃபைல் வகைகளைப் பாடும், எத்தனை ஜிபி பென்டிரைவைப் படிக்கும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தால் திணறுமா, புளூடூத் எந்த வெர்ஷன், வெயிலில் திரை தெரியுமா...

பொள்ளாச்சியில் ஒரு கடை. கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிக் காட்டியதில் கதவில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடியது. நான் அசரவில்லை. பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்பதாவது கேள்வியில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மணி, எல்லாம் பாடுமுங்க. இந்தப் பாட்டையெல்லாம் யாருங்க கேக்கறது?"

"எங்கம்மா."

"அப்ப அவங்களையும் கூட்டியாந்திருக்கலாமுங்களே?"

தொழில்நுட்பம் தெரியாத கேள்வி என்று அதை ஒதுக்கிவிட்டு, பதினெட்டாவது கட்டம் போடாமல் பில் போடச் சொன்னேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமவெளியில் சிங்கம். மலை ஏறினால் வாந்தி. எலுமிச்சம்பழம் முகர்ந்தாலும் நிற்காது. மாத்திரை போட்டால் அன்று முழுக்கத் தூக்கம். ஒரே மருந்து, பாட்டு. கேட்பது அல்ல – கூடவே பாடுவது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்டு வந்த பென்டிரைவ் ஒன்று அம்மாவிடம் இருந்தது. முருகன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, நடுவில் ஒரே ஒரு மலையாளப் பாட்டு. எங்கள் பழைய ஸ்டீரியோவுக்கு அகரவரிசை தெரியாது. ஏற்றிய வரிசையிலேயே பாடும். வருஷக்கணக்காக அதே வரிசை. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது அம்மா வாயில் தயாராக நிற்கும். வளைவு வந்தாலும் வயிற்றுக்கு இடைவெளியே கிடைக்காது.

நான் என்ன செய்தேன்? எல்லாப் பாட்டையும் உயர்தர ஃபைலாகத் தேடிப் பிடித்தேன். பெயர்களில் தொங்கிய விளம்பர வால்களை வெட்டினேன். பாடகர்வாரியாக ஃபோல்டர் போட்டுப் புதுப் பென்டிரைவில் ஏற்றினேன். இதைவிட ஒழுங்கு உண்டா?

பழைய ஸ்டீரியோ? எங்கள் பக்கத்து வழக்கப்படி டிராக்டருக்குப் போனது. டிராக்டர் ஓட்டும் தங்கவேலண்ணன், "பெட்டி குடுத்தீங்க, பாட்டு யாரு குடுப்பாங்க?" என்றார். பழைய பென்டிரைவையும் கொடுத்தேன்.

ஞாயிறன்று அண்ணனுக்கு, கம்பம்மெட்டுக்கு மேலே ஆனைக்கரையில் பூ வைக்கிற விசேஷம். பெண் வீட்டார் ஏலத்தோட்டக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள். அப்பாவும் சொந்தங்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். வேனில் வேறு பாட்டு என்பதால் அம்மா என் காரில்.

கம்பம் வரை சமவெளி. அம்மா தூங்கினார். ஏற்றம் தொடங்கியதும் எழுந்து, பாட்டைப் போடச் சொன்னார். முதல் பாட்டு முடியும் முன்பே இரண்டாவதைப் பாட ஆரம்பித்தார். ஸ்டீரியோ வேறொன்றைப் பாடியது. வாய் ஒரு பாட்டு, காது ஒரு பாட்டு, கார் ஒரு வளைவு...

நிறுத்தினேன். மணி பதினொன்று.

"லிஸ்ட்டைச் சொல்லுங்கம்மா, ஒவ்வொண்ணா நான் போடறேன்" என்றான் அண்ணன், பின்னாலிருந்து எக்கித் திரையைத் தடவிக்கொண்டே.

"பாட்டு முடிஞ்சாத்தான்டா அடுத்தது வாயில வரும். லிஸ்ட்டாம் லிஸ்ட்டு. நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்?"

"இப்படியே போனா மண்டபத்துல பூவை யாரும்மா வைக்கிறது?"

"உன்ற தங்கச்சி வாங்குன பொட்டிய வைக்கச் சொல்லு."

அந்த நிமிஷம் எனக்கு டிராக்டர் நினைவுக்கு வந்தது. தங்கவேலண்ணனுக்கு போன் போட்டேன். தோப்பில் உழுதுகொண்டிருந்தார்.

"அண்ணா, பாட்டை முதல்ல இருந்து போடுங்க. போனைப் பக்கத்துலயே வெச்சுக்குங்க. கட் பண்ணிராதீங்க."

"எதுக்குங் அம்மணி?"

"அம்மா மலை ஏறணும்."

"வண்டிய ஆஃப் பண்ணுனா செட்டும் நின்னுபோயிருமுங்க. சத்தம் வருமுங், பரவால்லீங்ளா?"

அழைப்பு புளூடூத்தில் ஏறி, என் பதினேழு அம்ச ஸ்டீரியோவின் எல்லா ஸ்பீக்கர்களிலும் வந்தது. டர்ர்ர்ர்... அதற்குள்ளே எங்கேயோ ஒரு முருகன் பாட்டு. அம்மா கண்ணைத் திறந்தார். பாடினார். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது சரியாக வந்தது. கியரை மாற்றினேன்.

நான்காவது பாட்டின் நடுவில் தங்கவேலண்ணன் குரல்: "ஏய், ஆட்டைப் புடிடா! வாழையத் திங்குது பாரு!"

அம்மா பாட்டை நிறுத்தாமலே, ராகத்திலேயே கேட்டார்: "ஆரூட்டு ஆடு தங்கவேலு?"

"வடக்காலத் தோட்டத்து ஆடுங்க்கா."

"கட்டிப் போடு. நான் வந்து பேசிக்கறேன்."

அடுத்த இரண்டு வளைவுக்கும் பாட்டே தேவைப்படவில்லை, கோபமே போதுமாக இருந்தது. ஒரு இடத்தில் சிக்னல் போனது. மலையாளப் பாட்டு பாதியில் அறுந்தது. அம்மா விடாமல் தனியாகவே பாடினார். சிக்னல் திரும்பியபோது டிராக்டரும் அம்மாவும் ஏறக்குறைய ஒரே வரியில் இருந்தார்கள்.

பதினொன்று ஐம்பதுக்கு ஆனைக்கரை மண்டப வாசல். அம்மா இறங்கி, புடவை மடிப்பை ஒரு தட்டு தட்டிக்கொண்டு நேராக உள்ளே போனார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெண்ணின் தலையில் பூ ஏறியது.

பொருள் வாங்கும்போது அது என்னவெல்லாம் செய்யும் என்று நாம் ஆராய்கிறோம். வீட்டில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு எந்த நிறுவனமும் கட்டம் அச்சடிப்பதில்லை. கடைக்காரர் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியையும் நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

ஊர் திரும்பியதும் பழைய வரிசைப்படியே பாட்டுகளை ஏற்றி, பெயருக்கு முன்னால் எண் போட்டேன். 001, 002... எக்ஸெல்லில் பதினெட்டாவது கட்டமும் சேர்த்தேன்: "அம்மாவைக் கேட்டாயா?"

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மண்டப வாசலில் நான் போனைத் துண்டிக்கும் முன்பே பெண்ணின் அப்பா கார் கதவைத் திறக்க ஓடி வந்தார். உள்ளேயிருந்து டர்ர்ர்ர் என்று கேட்டதும் முகம் மாறி, பளபளத்த புது ஸ்டீரியோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணனின் காதில் மெல்லச் சொன்னார்:

"மாப்ளே, வண்டில எஞ்சின் போச்சு போலருக்கே... பாட்டுப் பொட்டிக்குச் செலவழிச்ச காசுல அதைப் பாத்திருக்கலாம்ல?"