குறைந்துகொண்டே போன எண்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு மிளகு பறிக்கப் போனவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கு மாத்திரை தொடங்கியபோது மாத்தளையில் ரத்தம் எடுத்தார்கள். அவர்கள் தந்த காகிதத் துண்டில் தொண்ணூற்றாறு என்றிருந்தது. இரண்டு மாதம் மாத்திரை விழுங்கிய பிறகு மறுபடி எடுத்தார்கள். ஐம்பத்துநான்கு. பஸ்ஸில் அந்தத் துண்டை நாலு தடவை விரித்துப் பார்த்தேன்.

என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது, கூட்ட வேண்டும் என்று கிளினிக் மிஸ் ஓயாமல் சொல்வார். ரத்தத்தின் எண் கூட வேண்டும் என்பதுதான் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது.

"பாதி ரத்தம் போயிருச்சுங்க," என்றாள் மனைவி. அழவில்லை. முருங்கைக்கீரை ஒடிக்கப் போனாள்.

அன்றிலிருந்து கீரை, பீட்ரூட், கிடைத்தால் ஆட்டு ஈரல். இருமல் குறைந்தது, பசி எடுத்தது. அதுவே எனக்குப் பயம். இதே நோயில் போன என் அண்ணனும் கடைசி வாரம் நன்றாகச் சாப்பிட்டார். டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் துண்டைப் பார்த்துத் தலையாட்டினார். சொல்ல மனமில்லாமல் ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த முறை முப்பத்தொன்று. வஹகோட்டை வேதக்கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன், என்ன கேட்பதென்று தெரியாமலே நின்றேன்.

அதற்கடுத்த கிளினிக்குக்கு மனைவியும் வந்தாள். ரத்தம் சோதிக்கும் தம்பியை நேராகவே கேட்டுவிட்டாள்.

"இவருக்கு ரத்தமே இல்லாமப் போகுதே தம்பி, ஏத்த மாட்டீங்களா?"

"யாரு சொன்னா இல்லைன்னு? இங்க பாருங்க."

மெல்லிய குழாய்கள் நிமிர்ந்து நின்றன. மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்பு.

"ஒரு மணித்தியாலத்துல இந்தச் சிவப்பு எவ்வளவு கீழ எறங்குதோ, அதுதான் அந்த எண். உள்ள நோய் இருந்தா வேகமா எறங்கும். இவருக்கு மெதுவாகிட்டே வருது. நல்லதுதாங்க."

"அப்ப நான் ஆக்கிப் போட்ட ஈரலெல்லாம்?"

"ருசியா இருந்துச்சாண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். இன்று காலையிலிருந்து இரண்டு தடவை இருமினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எண் கூடிவிடுமோ என்று இப்போது பயப்படுகிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு.