தங்கச்சியின் வளவில் என் கொய்யா

கொய்யாவை வெட்டினால் திரும்பத் துளிர்க்கும் என்பது உண்மைதான். அதற்காகக் கத்தியைத் தூக்கியவனெல்லாம் தோட்டக்காரன் ஆகிவிடுவானா?

எங்கள் வீட்டு வளவு உப்புநீர் வாவியை ஒட்டியது. கோடை வந்தால் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிடும். அம்மா வைத்த தோடையும் மாதுளையும் அந்தத் தண்ணீரில் கருகிப் போயின. கொய்யாதான் தாக்குப்பிடித்தது. நன்றாகக் காய்த்த ஒரு மரத்தில் நானே பதியம் வைத்து, முன்வளவு முழுக்க வரிசையாக நட்டேன். கைக்கு எட்டாத உயரத்துக்கு வளரவிட மாட்டேன். பழம் முடிந்ததும் கொப்புகளை வெட்டிவிடுவேன், புதுக் கொப்பில்தான் அது பூக்கும். பிஞ்சு திரண்டதும் ஒவ்வொன்றுக்கும் கடதாசிப் பை கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஈ குத்திப் புழு வைத்துவிடும். காத்தான்குடியிலிருந்து ஆட்டோவில் வரும் பழ வியாபாரி, என் பழமென்றால் பையைப் பிரித்துப் பார்க்காமலே ஏற்றிக்கொண்டு போவார்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார். எனக்குக் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை, தங்கச்சிக்குச் சரிவந்தது. வீடும் வளவும் அவள் பேருக்குப் போயின. மூத்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்ணுக்கு வீடு என்றால் தாலி ஏறுகிற பெண்ணுக்கு என்று அர்த்தமாம்.

"மரமெல்லாம் உன்ட கையிலதானே கா, ஆர் கேக்கப்போறா?" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை, வாழையிலைக்குச் சொல்லிவிட்டு வரக் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால் வேலிப் படலையிலிருந்து வாசல் வரை வெட்டவெளி. பந்தல் போட இடம் காணாதென்று, மாப்பிள்ளை கூட்டாளிமாரோடு வந்து எல்லா மரத்தையும் முழங்கால் உயரத்தில் தறித்துவிட்டார். கொப்புகள் வெள்ளைப் பூவோடு வேலியோரம் குவிந்து கிடந்தன. அயல் வீட்டு ஆடு நின்று தின்றுகொண்டிருந்தது.

"ஆரைக் கேட்டு வெட்டினீங்க?"

"நீங்களும் வருசா வருசம் வெட்டுறதானே மச்சாள். வெட்டினாத்தான் நல்லாக் காய்க்கும் எண்டு நீங்கதான் சொன்னீங்க. மறுகா துளிர்க்கும்தானே."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பூத்து நிற்கிற மரத்தை எந்த மடையன் வெட்டுவான்? கொப்பை வெட்டுவதும் மரத்தைத் தறிப்பதும் ஒன்றா? தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தாத குறை.

"கலியாண வீட்டில சத்தம் போடாத கா. சனம் என்ன நினைக்கும்?"

சனமா வந்து என் பிஞ்சுகளுக்குப் பை கட்டியது?

அவர் சொன்னபடி துளிர்க்கத்தான் செய்தது. கலியாணம் முடிந்து மழையும் விழ, அடிக்கட்டைகளில் செந்தளிர் விட்டது. வேண்டாததைக் கிள்ளி, நல்லதாகப் பார்த்து விட்டேன். கோபமும் கொஞ்சம் ஆறத் தொடங்கியிருந்தது. அதற்குள் மாப்பிள்ளை கார் வாங்கினார். கார் விட முற்றம் வேண்டுமாம். ஒரு காலையில் மெஷின் வந்து கட்டைகளை வேரோடு கிளப்பியது. பொழுதுபடுவதற்குள் முன்வளவு முழுக்க இன்டர்லொக் தரைக்கல். அன்றைக்கும் என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நான் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். தங்கச்சி கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

"கோவிக்காதீங்க அக்கா. மரம்தானே, வேற இடத்தில நடலாந்தானே."

"எங்க கா?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலால் குசினிப் பக்கம் பார்த்தாள். கிணற்றடியைப் பார்த்தாள். வாவிக்கரை வேலி வரைக்கும் பார்த்தாள். எல்லாம் அவளுடைய வளவு.

"சொல்லு, எங்க நடுற?"

அவள் கோப்பையைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து அவள் அழுதால் கண்ணைத் துடைத்துவிடுவது நான்தான். அன்றைக்கு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.