சொந்த லொறியும் தோட்டத்து வீடும்

என் கணவர் தோட்டத்து லொறி ஓட்டினார். தொழிற்சாலையிலிருந்து தேயிலை மூட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் பண்டாரவளையில் ஒரு பழைய லொறி விலைக்கு வந்தது. அப்புத்தளை மரக்கறியை ஏற்ற ஒரு முதலாளியும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"சொந்தமா ஓட்டுனா யாருக்கும் சலாம் போட வேணாம்" என்றார் கணவர்.

எனக்கோ வீட்டை நினைத்துக் கவலை. நாங்கள் இருந்த லயத்துக் காம்பரா, வரிசை வீடுகளில் ஒற்றை அறை, தோட்டம் கொடுத்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் இருக்கலாம். அவர் விட்டுவிட்டால் பதிய வேறு ஆளில்லை. நான் உயர்தரம் வரை படித்துவிட்டு, கைக்குழந்தையோடு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள்.

"மரக்கறி ஏத்திப் போறீங்க. திரும்பி வர்றப்ப என்ன ஏத்துவீங்க?"

"மாவு, சீமெந்து, ஏதாச்சும் கெடைக்கும்."

"கெடைக்கலேன்னா?"

"நீயும் பக்கத்துல ஒக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டே வா. பாரம் சரியாப் போயிரும்."

சிரித்தேன், ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. யுத்த காலம்; வழியில் ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், தோட்டத்து டிரைவர் என்று காட்டத் தோட்ட நிர்வாகியான துரையின் கடிதம் இருந்தது. சொந்த லொறிக்காரருக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? டவுனில் வாடகைக்குப் போகலாம் என்றார் அவர். லோடு இல்லாத மாதம் அந்த வாடகையை எங்கிருந்து எடுப்பது? வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. லொறி வாங்கும் பேச்சு வந்ததிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பும் விதத்திலேயே ஓர் உற்சாகம் ஏறியிருந்தது.

கடைசியில் நானே பேர் பதியும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போனேன்.

"நான் பேர் பதிஞ்சா வீடு நிக்குமாங்க?"

"நிக்கும். ஆனா நீ கொழுந்து எடுப்பியா? கூடையத் தூக்கிப் பாத்திருக்கியா?"

வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது. "நீ கூடை தூக்கி நான் மொதலாளி ஆகணுமா?"

"நியமனம் வர்ற வரைக்குந்தாங்க" என்றேன். அவருடைய ஆசைக்காகத்தான் அப்படிச் சொன்னேனா, வீடு போய்விடும் என்ற பயத்திலா? இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு லொறியைப் பார்க்கப் பண்டாரவளைக்குப் போனார்.

அவர் முதல் லோடு ஏற்றிய அன்றுதான் நானும் முதல்முறையாக, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் நின்றேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டபோது அழுதாள். திரும்பிப் பார்க்காமல் மலையேறினேன். கீழே ரோட்டில் எந்த லொறிச் சத்தம் கேட்டாலும் கை நின்றுவிடும்.

"லொறியா கொழுந்து எடுக்கப்போகுது? கையப் பாரும்மா" என்றார் கங்காணி. பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள்.

மாலையில் தராசில் வைத்து நிறுத்தபோது என் கொழுந்து குறைந்த அளவைக்கூட எட்டவில்லை.

"அரைப்பேர்தான்" என்றார் கங்காணி. பாதி நாள் சம்பளம். எனக்குச் சம்பளம் மனதில் ஏறவில்லை.

"அரைப்பேர் போட்டா வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

அவர் தராசிலிருந்து என் சாக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆகாது. நாளைக்கும் வரணும், அவ்வளவுதான்."

"வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்க ஓடினேன்.