தேர் தூக்க ஆளில்லாத திருநாள்

நான் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அதற்காகப் போய்த் தங்கிய மையத்தில் முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டினார்கள். எதனால் குடிக்கத் தொடங்கினீர்கள் என்று கேட்டு, கீழே காரணங்களையும் அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். காதல் தோல்வி, வேலையின்மை, குடும்பச் சண்டை, கெட்ட சகவாசம். எனக்குக் காதலே இல்லை, தோல்விக்கு எங்கே போவது? ‘மற்றவை’ என்ற இடத்தில் ‘தேர்’ என்று எழுதினேன். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தேருங்களா?” என்று கேட்டார். ஆமாங்க, தேருதான் என்றேன். அவர் அதை அடித்துவிட்டுக் கெட்ட சகவாசத்தில் டிக் போட்டார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊரில் பாதிக்கு மேல் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள். கோயில் ஒன்று, பூசை ஒன்று, தெரு மட்டும் வேறு வேறு. எங்களுடையது கடைசித் தெரு. வேதத்துக்கு வந்து கிறிஸ்தவரானவர்கள் என்பதால் அரசாங்கம் எங்களைப் பட்டியல் சாதியிலிருந்து எடுத்துவிட்டது. ஊர் எடுக்கவில்லை. சலுகை போய்விட்டது, சாதி அப்படியே இருக்கிறது.

அந்தோணியார் திருநாளுக்குத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகும், எங்கள் தெருவுக்கு வராது. எங்கள் ஊர்த் தேருக்குச் சக்கரம் கிடையாது, பன்னிரண்டு பேர் தோளில் தூக்க வேண்டும். அம்மா நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு பெரிய தெரு முனைக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று தேரைப் பார்த்து வீசுவாள். அது சாமிக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை. முன்னால் நிற்கிறவர்களின் தலையில்தான் விழும். அவர்களும் திரும்பி முறைத்துவிட்டுத் தட்டிக்கொள்வார்கள்.

தேர் வராதே தவிர பாட்டில் வரும். திருநாள் அன்று மத்தியானம், கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் இருக்கும் பெரிய தெருப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையைப் பைக்கில் மாட்டிக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு வருவார். மற்ற நாளில் எங்களை டேய் என்று கூப்பிடுகிறவர், அன்று மட்டும், “தம்பிங்களா, திருநாளு. சந்தோஷமா இருங்க” என்பார். சாயங்காலம் தேர் கிளம்பும்போது தகராறு பண்ணத் தெம்புள்ள ஒருத்தனும் எங்கள் தெருவில் எழுந்து நிற்கமாட்டான். வருஷா வருஷம் நடப்பது இது. நானும் பதினெட்டு வயதில் அந்தப் பையிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சூளைக்குப் போகும் முன் கப்புகளை மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. நாளெல்லாம் கப்பு செய்கிற இடத்தில் எனக்கு டீ வந்தது பேப்பர் கப்பில். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். மேஸ்திரியிடம் கேட்டேன். “உனக்குச் சுத்தமா இருக்கட்டும்னுதான்டா” என்றார். அடேயப்பா, என்மேல்தான் எவ்வளவு அக்கறை! அன்று பஸ் ஏறும் முன் ஒரு குவாட்டர் வாங்கினேன். குடித்ததும் கப்பு மறந்துபோனது. மறுநாள் டீ நேரத்தில் திரும்ப ஞாபகம் வந்தது. ஆக, தினமும் வாங்கும்படி ஆகிவிட்டது.

எனக்கு இருபத்து மூன்று வயதானபோது புதிதாக ஒரு இளம் சாமியார் எங்கள் பங்குக்குப் பாதிரியாராக வந்தார். தேர் எல்லாத் தெருவுக்கும் போகும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது என்று பீடத்தில் நின்று சொல்லிவிட்டார். தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். பெரிய தெருக்காரர்கள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆட்கள் எங்கள் தெருமுனை வரைக்கும்தான் தூக்குவார்களாம். அங்கிருந்து எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தேர் திரும்பிவிடும். பன்னிரண்டு பேருக்கும் பொறுப்பு என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குக் குடிப்பதில்லை என்று பன்னிரண்டு பேரும் கோயில் வாசலில் மாதா சொரூபம் இருக்கும் கெபி முன்னால் நின்று சத்தியமும் பண்ணினோம்.

திருநாள் அன்று விடியற்காலையிலேயே அம்மா தெருவைப் பாதி தூரம் பெருக்கிவிட்டாள். எங்கள் வாசலில் தேர் வந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை புடவை மாற்றினாள்.

மத்தியானம் பைக் சத்தம் கேட்டது. மஞ்சள் பையைப் பார்த்ததும், “இன்னிக்கு வேணாங்கய்யா” என்றேன். பெரியவர் கோபப்படவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு, எங்கள் வேப்பமரத்தடிக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் தெருவில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. “ஒரு கிளாஸு கொண்டாங்கப்பா” என்றார். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்மா வீட்டில் இருந்த ஒரே நல்ல எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு மிச்சத் தெருவைப் பெருக்கப் போனாள். அவர் அதில் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, அதே டம்ளரை என்னிடம் நீட்டினார்.

“இனிமே நமக்குள்ள என்ன தம்பி இருக்குது? ஒரு வாய் குடி. எல்லாரும் ஒண்ணுதான்.”

அவர் வாய் வைத்த டம்ளர். நான் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை வருஷமாக எங்கள் கை பட்டதை அவர்கள் தொடமாட்டார்கள் என்று புகார் சொன்னவர்கள் நாங்கள். அன்றைக்கு அவர் தொட்டார், நான் தள்ளுவதா? பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது எனக்கு. வாங்கிக் குடித்தேன். பிறகு அடுத்தவனிடம் கொடுத்தேன். டம்ளர் பன்னிரண்டு பேரையும் சுற்றி வந்தது. பெரியவர் எழுந்து, “தேர்ல பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பையை மறந்தவர் போல அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவர் குடித்தது அந்த ஒரு வாய்தான். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஐந்து மணிக்குத் தேர் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றதாம். நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் மறுநாள் காலையில் சொன்னார். மேளத்தை நிறுத்திவிட்டு, தோள் மாற்ற ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா மட்டும் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

“பசங்களுக்கு ஜொரங்க.”

“பன்னெண்டு பேருக்குமா?” என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

“ஆமாங்க. பன்னெண்டு பேருக்குந்தான்.”

கூட்டம் சிரித்திருக்கிறது. தேர் திரும்பிவிட்டது. ஒருமுறை வாய்ப்புக் கொடுத்தாயிற்று, குடிகாரத் தெருவுக்குச் சாமி எதற்கு என்று அடுத்த வருஷக் கூட்டத்தில் பேசினார்கள். சாமியாரையும் அதற்குள் மாற்றிவிட்டார்கள். இதுவரை தேர் வரவில்லை.

அக்கா சொல்லி முடித்ததும் எழுந்து வீட்டுக்குள் போனேன். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தாள்.

“ஏம்மா அந்தோணியார் முன்னாடி பொய் சொன்ன?” என்று கேட்டேன்.

“பின்ன? குடிச்சிட்டுக் கெடக்கறாங்கன்னு என் வாயால சொன்னா, இத்தினி நாளா நம்மளப் பத்தி அவங்க பேசுனதெல்லாம் நெசம்னு ஆயிடாதா?”

அந்த டம்ளரை முதலில் வாங்கியது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.