அடிக்காத மணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையை விட்டு வெளியே வந்து, பூந்தமல்லியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு மின்சார மணி. வீட்டு வாசலில் பொத்தானை அழுத்தினால் அடிக்குமே, அந்த வகை. பித்தளைக் கிண்ணமும் அதைத் தட்டும் சின்னச் சுத்தியலும் வெளியே தெரியும். மின்சாரம் இல்லாமலே, நான் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் சுத்தியல் கிண்ணத்தில் பட்டு லேசாக ஒலித்தது. ஒரு சட்டையை எடுத்து அதைச் சுற்றினேன். சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் போவதற்குள் அந்த அமைதி தாங்க முடியாததாகிவிட்டது. நின்று, சட்டையை உருவிவிட்டு, ஒலித்தால் ஒலிக்கட்டும் என்று நடந்தேன்.

மணியை எனக்குக் கொடுத்தவரை ஆபீஸில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மேடம் ரயிலில் வருவார். அம்பத்தூர் மேனாம்பேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் எங்கள் கம்பெனி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிறு தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம்களை மேடம் எழுதுவார். முதலாளி அவற்றை விற்பார். நான் அங்கே பெருக்கித் துடைக்கத்தான் போனேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஓட்டல், சைக்கிள் கடை, லாரி ஷெட் என்று சுற்றிய பிறகு, ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கூட்டிப் பெருக்கிய காலத்தில் மெஷின் சும்மா இருந்தபோது தட்டிப் பழகியிருந்தேன். அது போதும் என்று மேடம் என்னைப் புரோகிராம்களை ஓட்டிச் சோதிக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். வாடிக்கையாளர்கள் சொல்லும் கோளாறுகளைப் பதிந்துகொள்ள கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் மேடம் எழுதும் திருத்தம் அதன் கீழே போய்ச் சேரும். அதை பேட்ச் என்றார்கள். எனக்கு பேட்ச் என்றால் டியூப்பில் ஒட்டுவது. சைக்கிள் கடையில் எதை முதலில் ஒட்டினாலும் காற்று நிற்கும். இங்கே அப்படி இல்லை. ஒரு பேட்ச் இன்னொன்றின் மேல் உட்காரும். முன்பின்னாகப் போட்டால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். சமயத்தில் அழிந்ததே தெரியாது. அதனால் ஒவ்வொரு பேட்சையும் தனி ஃபிளாப்பியில் போட்டு என்னிடம் கொடுப்பார். லாரி ஷெட்டில் சீட்டாடிப் பழகிய கைதானே, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, வந்த வரிசையில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பேன்.

"உனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது பாரு, அதான் எனக்கு வேணும்," என்பார் மேடம். "தெரிஞ்சவன் தன்னை அறியாம சரியாத்தான் போடுவான்."

எங்களிடம் அடிக்கடி வந்தவர் ஃபர்னஸ் அண்ணன். இரும்புச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு பட்டறையில், உலைக்கு முன்னால் நிற்பவர். சூடு ஏற வேண்டியது ஏறியதும் உலைக்கதவு தானாகத் திறக்கும். அதற்கு முன்னால் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டதும் இவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்த மணிக்குப் பதிலாகத்தான் என் மேஜையில் இந்தச் சின்ன மணியைக் கம்பி இழுத்து வைத்திருந்தார் மேடம். நான் ஃபிளாப்பிகளைக் கலைப்பதை முதல்முறை பார்த்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாமே, கம்பெனி நடத்துறீங்களா, கிளப்பு நடத்துறீங்களா? நமக்கும் ஒரு கை போடு."

மணி சில நேரம் அடிப்பதில்லை என்று முதலில் வந்து சொன்னவர் அவர்தான். சில வாரம் கழித்து, கதவு பாதியில் சிக்குகிறது என்றார். மேடம் கதவை முதலில் சரிசெய்தார். அந்தப் பகுதியையே புதிதாக எழுதினார். பிறகு அதன் மேல் மணிக்கான பேட்சை எழுதினார். கதவு முன்னால், மணி பின்னால் போட்டால் எல்லாம் சரி. மாற்றிப் போட்டால், புதிய கதவு மணியை விழுங்கிவிடும். திரையில் எந்தத் தப்பும் காட்டாது. கதவு அழகாகத் திறக்கும். மணி மட்டும் அடிக்காது. அதைக் கண்டுபிடித்தது என் கலைப்பில்தான். மேடம் முதலாளியிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். பட்டறையில் மேடமே போய்ச் சரியாக ஏற்றிவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள் பட்டறையின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. மேடம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். உலை நிற்கிறது என்று அங்கிருந்து ஆள் மேல் ஆள் வந்தார்கள். முதலாளி புது மெஷினை எடுத்துப்போய், பட்டியலில் இருந்ததை மேலிருந்து கீழாக ஏற்றினார். பட்டியல் புகார் வந்த வரிசையில் இருக்கும். மணிப் புகார் பழையது, கதவுப் புகார் புதியது.

அண்ணனின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

மணி அடித்தது, அவர்தான் அசட்டையாக நின்றார் என்று பட்டறையில் பேச்சு கிளம்பியது. அப்படி முடிந்தால் வைத்தியமும் அவர் பாடு, வேலையும் கிடையாது. மேடமும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அட்சுதோ இன்னாவோ, எனக்கே தெர்ல மேடம். எல்லாரும் அட்சுதுன்றாங்க. என் காதுதான் அவுட்டா?" என்றார். வெந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் புரோகிராமில் தப்பில்லை என்று காட்ட, பட்டறைக்காரர்களை அழைத்து, எங்கள் மேஜையிலேயே மணியை அடித்துக் காட்டிவிடுவது என்று முதலாளி முடிவு செய்தார். அண்ணனும் கட்டுப் போட்ட கையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடம் என் பின்னால் நின்றார். "பட்டியல்ல இருக்கிற வரிசையில போடுப்பா," என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். கலைக்கத் தேவையில்லாமல் ஃபிளாப்பிகளை எடுத்தது அன்றுதான். மணியை முதலில் ஏற்றினேன். கதவை அதன் மேல் ஏற்றினேன்.

எல்லோரும் மேஜை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே லேத் ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததாகத் திரையில் வந்தது. சுத்தியல் அசையவே இல்லை.

"இன்னொரு வாட்டி போடு நைனா," என்றார் அண்ணன். "நான் செவுடு இல்லைன்னு இவங்க நல்லா பார்க்கட்டும்."

இன்னொரு முறை போட்டேன். அப்போதும் அடிக்கவில்லை. அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பட்டறையின் பெரியவர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். அன்று சாயங்காலம் மேடத்துக்கும் எனக்கும் வேலை இல்லாமல் போனது.

கிளம்பும்போது மேடம் மணியின் கம்பிகளைக் கழற்றினார். "என் காசுல வாங்கினதுதான். நீ கொண்டுபோ. என்கிட்ட இருந்தா இதையேதான் ஓட்டிப் பார்த்துட்டு இருப்பேன்." ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போய்விட்டார். சில வருடம் கழித்து ஆவடியில் தேடிப் போனேன். குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம் இருந்தது. அப்பா ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று நான் நடந்த வழியில் இப்போது இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். மணி என் அறையில் ஆணியில் தொங்குகிறது. மின்சாரம் கொடுக்கவில்லை. என்னைத் தேடி வருபவர்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

வேலை போன மறுநாள் காலை பூந்தமல்லியில் ஒரு லாரி ஷெட்டில் வேலை கேட்டேன். மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சிக்கிறியா?"

"எட்டாவது."

"மூட்டை தூக்க அதுவே ஜாஸ்தி. கேட்டுக்கோ, கடைசியா எறங்குற சரக்கு மொதல்ல ஏறணும். மாத்தி ஏத்தின, வழி பூரா எறக்கி ஏத்திகினே சாவணும்."

வரிசையை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சலித்துக்கொண்டே சொன்னார். பையை லாரியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டினேன். மணி ஒருதரம் ஒலித்து அடங்கியது. பின்கதவின் கொண்டியில் கை வைத்ததும் என்னை அறியாமல், "விலகு! விலகு!" என்று கத்தினேன்.

"யாருக்குப்பா சவுண்டு உடுற?" என்று மேஸ்திரி சிரித்தார்.

லாரிக்குப் பின்னால் யாரும் இல்லை. குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, கொண்டியை இழுத்தேன்.