பெனால்டி பெட்டிக்கு நானாகப் போன நாள்

1. வேலை விவரம்

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ்மேன் என்பவன் கோல் போடுகிறவன் அல்ல. போட வருகிறவனைச் சுவரோடு சேர்த்து வைப்பவன். கனடாவின் சிறு நகரங்களில் ஒன்பது ஆண்டுகள் சம்பளத்துக்கு இந்த வேலை பார்த்தேன். முதல் நாள் என் ஸ்கேட்டிங்கைப் பார்த்த பயிற்சியாளர், "நீ பக்கைத் தொடாதே. அதை வைத்திருக்கிறவனைத் தொடு" என்றார். பக் என்பது பந்துக்குப் பதிலாக ஓடும் கறுப்பு ரப்பர் வில்லை. சொன்னபடியே நடந்தேன். மொத்தம் நான்கு கோல் போட்டேன். ஒன்று எங்கள் கோலுக்குள்.

விதி மீறி மோதினால் இரண்டு நிமிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். நான் உட்கார்ந்த நேரத்தில் ஒரு டிப்ளோமா முடித்திருக்கலாம்.

2. ஆக்லாந்து

மனைவி ஜசிந்தாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. கூடவே வந்தேன். பகலில் பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்; வார இறுதியில் சம்பளமில்லாமல் மோதினேன். ஆட்டத்தின் சில்லறை வேலைகளை ஆடுகிறவர்களின் வீட்டாரே பார்ப்பார்கள். பெனால்டி பெட்டியின் கதவைத் திறந்து மூடுவது ஜசிந்தாவின் பொறுப்பு. "வீட்டில காணுறதைவிட இஞ்சதான் உங்களைக் கூடக் காணுறன்" என்பாள்.

அதற்குள் இரண்டு முறை தலையில் அடிபட்டு, மூளை குலுங்கும் கன்கஷன் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நாற்பத்தொரு வயது. ஆட்டத்தை விட்டால் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவன், அவ்வளவுதான். ஆகவே மூன்றாவது வராது என்று முடிவு செய்திருந்தேன்.

3. அரையிறுதி

மூன்றாவது பீரியட், அதாவது கடைசிப் பகுதி. ஐந்து நிமிடம் பாக்கி. ஒரு கோல் முன்னால் நிற்கிறோம். எதிரணிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து மோத, என் ஹெல்மெட் சுவரில் இடித்தது. நடுவர் விசில் ஊதினார். விசில் ஊதினால் குற்றவாளி நான்தான் என்பது தொழிலில் ஊறிய பழக்கம். எழுந்து நேரே எங்கள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

"எத்தினை நிமிசம்?" என்று கேட்டேன்.

"உங்களை ஒருத்தரும் அனுப்பேல்லை" என்றாள் ஜசிந்தா. "இடிச்சவனைத்தான் அனுப்பினவை."

எங்கள் கோல்கீப்பர் செந்தில், சென்னையில் சக்கர ஸ்கேட்டில் ஹாக்கி பழகி வந்த ஐ.டி.காரர், கோலிலிருந்து கத்தினார்: "அண்ணே! தப்பு அவங்க மேல! நீங்க எதுக்கு உள்ள போனீங்க? வெளிய வாங்க!"

எழுந்தேன். ஜசிந்தா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"இது எத்தினையாவது பீரியட்?"

"ரெண்டாவது" என்றேன், சந்தேகமே இல்லாமல்.

அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜசி, சொல்லிப்போடாதை. இந்த ஆட்டம் மட்டும்."

"ஓம், சொல்லமாட்டன். நீங்கள் எழும்பாதேங்கோ" என்றாள். பிறகு பயிற்சியாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். திருமணமான இத்தனை ஆண்டுகளில் அவள் என்னிடம் சொன்ன ஒரே பொய், எனக்குத் தெரிந்தவரை.

என் ஆட்டம் அத்துடன் முடிந்தது. மீதி நேரத்தில் எங்கள் அணி ஒரு கோல்கூட வாங்கவில்லை. "உங்களுக்காகத்தாண்ணே தடுத்தேன்" என்றார் செந்தில். நான் ஆடியபோதெல்லாம் யாருக்காகக் கோல் விட்டார் என்று கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று. தலையில் அடிபட்டபின் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நீங்களே சான்று கொடுக்காதீர்கள். அடிபட்டிருப்பது சான்று கொடுக்கும் அலுவலகத்தில்.