செவலையின் கழுத்து எலாஸ்டிக்

விஜயராணிக்குத் திமிர்னு சொல்றவங்க திருப்பூர்ல நெறையப் பேர் இருக்காங்க. சொல்லட்டுங்க. அந்தத் திமிர் எங்கிருந்து வந்துச்சுன்னு லோடு ஆட்டோ ஓட்டுற எனக்குத் தெரியும்.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பொழைக்க வந்த புள்ளைங்க அது. பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். வாரம் பூரா மிசின்ல குனிஞ்சு கெடக்கும். ஞாயித்துக்கெழமை ஆனா அவிநாசிபாளையம் போற வழியில இருக்கற பழைய கோழிப்பண்ணைக்குப் போயிரும். அதுதான் எங்க காப்பகம். பனியன் கம்பெனி ஆளுங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. பஸ்ல அடிபட்ட நாயோ, பால் வத்துனதும் தொரத்திவிட்ட மாடோ, எது வந்தாலும் வேண்டாம்னு சொல்லக்கூடாது. அதுக படுக்க கட்டிங் வேஸ்ட் துணி போடுவோம். திருப்பூர்ல அதுக்கா பஞ்சம்?

பஞ்சமில்லாத இன்னொண்ணு எலாஸ்டிக். ஜட்டி இடுப்புல தைக்கிறது. கம்பெனி கேட்ல ஒரு நாய்க்குட்டி வந்து ஒண்டுச்சுன்னா, டீ டைம்ல பன்னு போடுவாங்க, பேரு வைப்பாங்க, மீந்த எலாஸ்டிக்கக் கழுத்துல சுத்தித் தைச்சு விட்ருவாங்க. கம்பெனி நாயின்னு தெரிஞ்சா நாய் புடிக்கற வண்டிக்காரன் தொடமாட்டானாம். பாசமாம், பெரிய பாசம்! குட்டி வளருமேங்கற நெனப்பு ஒருத்தருக்காச்சும் வேண்டாமா? அது பாட்டுக்கு இறுக்கி இறுக்கி, முடிக்குள்ள மறைஞ்சு, தோலை அறுத்து உள்ள எறங்கிரும். அப்பறம் நாத்தம் தாங்கலைன்னு பன்னு போட்ட அதே ஆளுங்க மூக்கைப் பொத்திக்குவாங்க.

ரெண்டாயிரத்தாறுல நடந்தது இது. விஜயராணி கம்பெனிக்கு ரெண்டு யூனிட். விஜயராணி வேலை பாக்காத இன்னொரு யூனிட்டு கேட்ல செவலைன்னு ஒரு நாய், இதே கதி. வெளிநாட்டுப் பையர், அதான் ஆர்டர் குடுத்துத் துணி வாங்கற கம்பெனிக்காரங்க, வர்றாங்கன்னதும் மேனேஜர் தண்டாயுதபாணி வாட்ச்மேன் நல்லானைக் கூப்பிட்டு, "இதைச் சாக்குல கட்டி ஆத்துல போட்டுட்டு வாய்யா"ன்னுட்டாரு. நல்லான் மனசு கேக்காம எனக்குப் போன் போட்டான். அந்தச் சாக்கைத் தூக்கி வண்டியில வெச்சு, நேரா காப்பகத்துக்கு ஓட்டிட்டேனுங்க.

மாட்டு டாக்டர் வந்து, மயக்க ஊசி போட்டு அறுத்தெடுத்தாரு. விஜயராணி அந்த எலாஸ்டிக்கைக் கழுவிப் பாத்துச்சு. அந்த வெளிநாட்டுக் கம்பெனி பேரு நூல்லயே நெய்திருந்துச்சு, பளிச்சுனு.

"நாங்க தெனம் தைக்கிறதுண்ணே இது"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு.

செவலை எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சப்ப, காப்பகத்து வாசல்ல கார் வந்து நின்னுச்சு. தண்டாயுதபாணி. கையில புதுச் செகப்பு பெல்ட்டு. போனதடவை வந்த பையரம்மா இந்த நாயைக் குட்டியா இருக்கையில போட்டோ எடுத்துட்டுப் போயிருக்குது. இப்ப வந்து எறங்குனதும் அது எங்கேன்னு கேட்டிருக்குது. இவரு நல்லானை மெரட்டி, நாய் இங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்காரு.

"ஒரே ஒரு நாள் குடும்மா. கட்டு மேல பெல்ட்டைப் போட்டுக்கலாம். காட்டிட்டு அனுப்பிடறேன்."

"ஆத்துல போடச் சொன்னதே நீங்கதான சார்?"

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கோணுமா, வேண்டாமா?"

அவரு கொரலைக் கேட்டதுமே செவலை அந்தப் புள்ள சேலைக்குப் பின்னாடி ஒண்டிருச்சு. நின்ன எடத்துலயே மூத்திரம் போயிருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள விஜயராணி எலாஸ்டிக்கை எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா புடிச்சுச்சு.

"செவலை வராது சார். அந்தம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க. நாயும் இருக்கு, இதுவும் இருக்கு. ரெண்டையும் போட்டோ எடுத்துக்கிடட்டும்."

மனுசன் காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. போயி அந்தம்மாகிட்ட, நாய் செத்துப்போச்சு, கம்பெனியே அழுதுச்சுன்னு சொன்னாராம். நல்லான்தான் சொன்னான். அடுத்த நாள் விஜயராணிக்கு வேலை இல்லைன்னுட்டாங்க. அத்தனை வருசம் தைச்ச புள்ளைய கேட்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனாங்க. அடப் பாவிகளா! வவுறு எரியுதுங்க இன்னைக்கும்.

அந்த எலாஸ்டிக்கை விஜயராணி காப்பகத்துக் கேட்ல, எல்லாருக்கும் தெரியற மாதிரி கட்டி வெச்சுச்சு. சேதி கேள்விப்பட்டு, அந்த ஞாயித்துக்கெழமை விஜயராணி கூட ஒரே லைன்ல தைச்ச பொண்ணுங்க ஆளுக்கொரு நாயை இழுத்துக்கிட்டு வந்து நின்னாங்க. எல்லாத்துக்கும் கழுத்துல எலாஸ்டிக்.

"தெரியாமத் தைச்சு விட்டுட்டோம்க்கா."

"கழுத்துல வெரல் போகுதான்னு தொட்டுப் பாத்தீகளாடி ஒருத்தியாச்சும்?"னு திட்டிக்கிட்டே கத்திரியை எடுத்துச்சு விஜயராணி. வந்த நாயிகளை ஒவ்வொண்ணா மோந்து பாத்து வாலை ஆட்டுச்சு, தண்டாயுதபாணி கணக்குல செத்துப்போன எங்க செவலை.